ராகு காலத்தில் ஒரு ஜாமீன் மனு

என் தம்பியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன நாளில், எங்கள் வீட்டில் முதல் சண்டை ஒரு வார்த்தைக்காகத்தான் நடந்தது. "ரிமாண்ட் பண்ணிட்டாக" என்று யாரோ போனில் சொன்னதும், தண்டனையே கொடுத்துவிட்டார்கள் என்று அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "தண்டனை இல்லம்மா! விசாரணைக்காகக் காவல்ல வச்சிருக்கதுக்குப் பேருதான் ரிமாண்டு" என்று நான் கத்தினேன். பெரிய சட்டம் படித்துவிட்டுக் கத்தவில்லை. அரைமணி நேரத்துக்கு முன்னால் செல்போனில் தேடிப் படித்த தைரியம்.

நான் கம்பத்தில் உரக்கடை நடத்துகிறவள். பூச்சிமருந்து டப்பாவில் எறும்பு சைஸில் இருக்கிற எழுத்தைக்கூட விடாமல் படிக்கிற புத்தி எனக்கு. புரியாத வார்த்தை ஒன்றை எவராவது என் முகத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போனால் சுள்ளென்று கோபம் வரும். அந்த இரண்டு மாதத்தில் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

தம்பி பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். போடியில் ஒரு குடோனிலிருந்து ஏலக்காய் மூட்டைகள் களவு போயிருந்தன. அவற்றை ஏற்றிப்போனது இவன் வண்டி. "வாடகைக்குக் கூப்பிட்டாக, ஏத்துனாக, எறக்குனாக. யாரு சரக்குன்னு நான் என்னத்தக் கண்டேன்க்கா" என்றான். நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். போலீஸ் நம்பவில்லை. முதல் தகவல் அறிக்கையில் அவன் ஏ-த்ரீ, அதாவது குற்றம் சாட்டப்பட்ட மூன்றாவது ஆள்; கோர்ட் பாஷையில் மூன்றாம் எதிரி. "ஒரு கோழியக்கூட வெரட்டத் தெரியாத பயல எதிரின்னு எழுதியிருக்கானுகளே" என்று அம்மா அதற்கும் ஒரு மூச்சு அழுதாள்.

கடையில் தினமும் கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு சொல்லாக எழுதிவைக்க ஆரம்பித்தேன். பிடிப்பதற்கு முன்னால் கேட்பது முன்ஜாமீன். பிடித்த பிறகு கேட்பது ஜாமீன். கேட்டது கிடைக்காவிட்டால் தள்ளுபடி. போலீஸ் விசாரித்து முடித்து, யார் என்ன செய்தார், யார் யார் சாட்சி என்று கோர்ட்டில் கொடுக்கிற முழுக் கட்டு குற்றப்பத்திரிகை. முதல் தகவல் அறிக்கை என்பது முதல் தகவல்தான், முடிவு இல்லை. இதைத் தெருவில் உள்ளவர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுபோனது.

இரண்டு முறை ஜாமீன் கேட்டோம். சரக்கு இன்னும் மீட்கப்படவில்லை என்று அரசு வக்கீல் ஆட்சேபம் சொன்னார். இரண்டும் தள்ளுபடி. அதற்கடுத்த வாரம் சிறையில் தம்பியைப் பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு சுவரைப் பார்த்தபடியே பேசினான். "இனிமே மனுப் போடாதக்கா. நீ வரவும் வேணாம். நான் இங்கனயே இருந்துக்கிறேன்." அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் அதை ரொம்ப சாதாரணமாகச் சொன்னான். இவனைச் சீக்கிரம் வெளியே கொண்டுவராவிட்டால் அப்புறம் வருகிறவன் என் தம்பியாக இருக்கமாட்டான் என்று தோன்றியது.

நேராக எங்கள் வழக்கைப் பார்க்கிற வக்கீலம்மாவிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவர், பேச்சு பட்டாசு. நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார். "அக்கா, இந்தக் குற்றத்துக்கு அறுபது நாள்தான் கெடு. ரிமாண்ட் பண்ணுன நாளையும் சேத்து எண்ணணும். அதுக்குள்ள போலீஸ்காரவுக குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணலைன்னா ஜாமீன் உங்க தம்பியோட உரிமை. குடுக்கலாமா வேணாமான்னு யாரும் யோசிக்க முடியாது. டீஃபால்ட் பெயில்னு சொல்லுவோம்."

எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. "அப்ப அறுபது நாள் முடிஞ்சா விட்ருவாகளா?"

"அதான் இல்ல. தானா யாரும் கதவத் தொறக்க மாட்டாக. நாம மனுப் போட்டுக் கேக்கணும். கேக்குறதுக்கு முந்தி அவுக குற்றப்பத்திரிகைய உள்ள போட்டுட்டா உரிமை போச்சு. நாம முந்திட்டா, அதுக்கப்புறம் அவுக போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

விரல்விட்டு எண்ணினோம். அறுபதாவது நாள் வியாழன். அன்று சாயங்காலம் வரை குற்றப்பத்திரிகை வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கோர்ட் திறந்ததும் மனு உள்ளே போய்விட வேண்டும். வக்கீலம்மாவுக்கு அந்த நேரம் வேறொரு வழக்கில் சாட்சி விசாரணை. "குமாஸ்தா கையில மனு ரெடியா இருக்கு. கவுண்டர்ல குடுத்துருவாக. நீங்க வந்து சும்மா நின்னாப் போதும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் ஆளாக பஸ் ஏறினேன். பண்ணைப்புரம், தேவாரம் என்று மலையடிவாரத்தில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நின்று அந்த பஸ் என் உயிரை வாங்கியது. போடி கோர்ட் வாசலில் இறங்கியபோது மணி பத்தேகால். கவுண்டர் பக்கத்தில் போய் நின்றேன். பத்தரை ஆனது. குமாஸ்தாவைக் காணோம். பத்து முப்பத்தைந்து. போன் அடித்தால் எடுக்கவில்லை. பத்து நாற்பது.

ஓடிப்போய்ப் பார்த்தால், எதிர்த்த டீக்கடையில் மனுஷர் நிதானமாக உளுந்தவடை தின்றுகொண்டிருக்கிறார்!

"வாங்கக்கா, டீ சொல்லவா?"

"மனு எங்க?"

"பத்திரமா இருக்குக்கா" என்று கக்கத்தில் இருந்த பையைத் தட்டினார். "வெள்ளிக்கெழம பத்தரை டு பன்னெண்டு ராகு காலம்ல. உங்க அம்மா நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டாக. மொத ரெண்டு மனுவும் நேரம் சரியில்லாமப் போட்டதுலதான் தள்ளுபடி ஆச்சாம். எனக்கும் நியாயமாப் பட்டுச்சு. பன்னெண்டு அடிச்சதும் போட்ருவோம்."

அடப்பாவி மனுஷா! வாய் திறந்து நான் கத்தப் போன அந்த நொடியில்தான் அடுத்த பெஞ்சைப் பார்த்தேன். எங்கள் வழக்கைப் பதிவு செய்த ஸ்டேஷனின் கோர்ட் ஏட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வாய்தாவிலும் பார்த்த முகம்தான். அவர் மடியில் சிவப்பு நாடா கட்டிய தடிமனான கட்டு. மேல் தாளில் எங்கள் வழக்கு எண். என் போன் நம்பரை மறந்தாலும் அந்த எண்ணை மறக்கமாட்டேன்.

"என்னம்மா, தம்பி கேஸுக்கு வந்தீகளா? குற்றப்பத்திரிகை இன்னிக்குத் தாக்கல் பண்ணிருவோம்" என்றார் ரொம்ப அன்பாக.

"இப்பவேயா ஏட்டய்யா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு ஆகட்டும்மா. ராகு காலத்துல போட வேணாம்னு இன்ஸ்பெக்டரய்யா கண்டிசனாச் சொல்லிட்டாக."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டு கட்சியும் ஒரே கூரைக்கு அடியில் ஒரே ராகுவுக்குப் பயந்து வடை தின்றுகொண்டிருக்கின்றன. முகத்தை எப்படியோ சாதாரணமாக வைத்துக்கொண்டு குமாஸ்தாவிடம், "ஆதார் ஜெராக்ஸ் ஏதோ பத்தலையாம், ஒரு எட்டு வந்து பாருங்க" என்று சொல்லிச் சாலையைத் தாண்டி இழுத்துவந்தேன். வேப்பமரத்துக்குப் பின்னால் வந்ததும் பையைப் பிடித்தேன்.

"அக்கா, ராகு காலம்…"

"அந்த ஏட்டு மடியில இருக்கது என்னன்னு பாத்தீகளா? குற்றப்பத்திரிகை! ராகு வந்து என்னையப் பிடிச்சுக்கிரட்டும், எந்தம்பிய விடட்டும். நடங்க!"

"அடி ஆத்தீ" என்றார் குமாஸ்தா. பாதி வடை கையிலேயே இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் ஓட, நான் பின்னால் ஓடினேன். கவுண்டரில் இருந்த கிளார்க்கம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தார். எவ்வளவு நேரம்! முத்திரை விழுந்த சத்தம் கேட்டதும், "மணியும் எழுதுங்கம்மா" என்றேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினார். 10.52.

நான் திரும்பப் போய் அதே டீக்கடையில் உட்கார்ந்தேன். ஏட்டய்யாவுக்கும் ஒரு டீ சொன்னேன். மழை பெய்யுமா, திராட்சை என்ன விலை என்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு அடித்ததும் அவர் எழுந்து சட்டையை நீவிவிட்டு, கட்டை எடுத்துக்கொண்டு கம்பீரமாக உள்ளே போனார்.

மூன்று மணிக்கு எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். குற்றப்பத்திரிகை இன்றே தாக்கல் ஆகிவிட்டது என்றார் அரசு வக்கீல். "எத்தனை மணிக்கு?" என்றார் வக்கீலம்மா. நீதிபதி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குற்றப்பத்திரிகை பன்னிரண்டு பத்து, மனு பத்து ஐம்பத்திரண்டு. இரண்டு ஜாமீன்தாரர்கள், தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து என்ற நிபந்தனையோடு ஜாமீன் கொடுத்தார். எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது. வக்கீலம்மா என் கையைக் கிள்ளி அடக்கினார். வெளியே வந்ததும் ஏட்டய்யா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ராகு காலத்துலயாம்மா போட்டீக?" அவருக்குக் கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான்.

அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "எத்தன மணிக்குப் போட்டீக?" என்றுதான் முதலில் கேட்டாள். பன்னிரண்டேகால் என்றேன். "பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்றாள். ஆமாம்மா என்று சொல்லிவிட்டேன். ஜாமீன் என்பது விடுதலை இல்லை, வழக்கு இனிமேல்தான் நடக்கும் என்பதை அவளுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை பக்கத்துக் கடை ராவுத்தர் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஜாமீன்தாரர்களாகக் கையெழுத்துப் போட்டார்கள். உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்து, சாயங்காலம் சின்னக் கதவு திறந்தது. தம்பி குனிந்து வெளியே வந்தான். பிடித்துக்கொண்டு போனபோது போட்டிருந்த சட்டை இப்போது தொளதொளவென்று தொங்கியது. டீக்கடை, ஏட்டு, ராகு காலம், பத்து ஐம்பத்திரண்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அவனைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவன் ரோட்டில் போகிற வண்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் கேட்டான்.

"இன்னிக்கு என்ன கெழமைக்கா?"

நான் அவனுக்காக அறுபத்து நான்கு நாட்களை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறேன். அவன் எந்த நாளோடு எண்ணுவதை விட்டான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "திங்கக்கெழமடா" என்று மட்டும் சொன்னேன்.