ஜன்னலில் நீண்ட ஏழு கைகள்

ரத்தத்தில் இத்தனை வகை இருக்கிறது என்று முப்பது வயதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அதை நான் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டைத் தாண்டி, கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். ஆள் வருகை எழுதுவது, பழ எடை எழுதுவது, மேனேஜர் கேட்கிற பட்டியலை எழுதுவது, இதுதான் வேலை. எழுதி நீட்டிவிட்டால் என் பொறுப்பு தீர்ந்தது, அது உண்மையா என்பது அடுத்தவன் கவலை என்று நினைக்கிற ஜென்மம் நான்.

ஒரு கோடையில் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ரத்த வகை பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். ஒரு ஆள்கூட விடாமல் பார்த்து, ஆளுக்கொரு அட்டை கொடுத்தாக வேண்டும் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். வந்தவர்கள் பழம் எடை போடும் அறைக்குள் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். அந்த அறைக்கு ஒரு சின்ன ஜன்னல்தான். பழம் பறிக்கும் காலத்தில் ஆட்கள் வெளியே வரிசையில் நின்று அதன் வழியாகக் கூடையை உள்ளே தள்ளுவார்கள். அன்றைக்குக் கூடைக்குப் பதிலாகக் கையை நீட்டினார்கள். உள்ளே இருந்தவர் விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் சொட்டு எடுத்தார். வெளியே நின்று நான் பேரைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கையும் ஒரு பேரும்தான்.

பாதி வரிசை ஒழுங்காக நகர்ந்தது. அதற்குப் பிறகு ஆறு பேர் ஒதுங்கி நின்றுகொண்டார்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தவர்கள்.

“சாமிக்குக் கட்டுன காப்புங்க. அவுக்கற வரைக்கும் ஒடம்புல ஒரு சொட்டு ரத்தம் வரப்படாதுங்க. திருவிழா முடியட்டும், நாங்களே வாரோமுங்க” என்றார் அவர்களில் ஒருவர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர்கள் நம்பிக்கை மேல் அல்ல, என் பட்டியலில் ஆறு இடம் காலியாக இருக்கப்போகிறதே என்றுதான். காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரங்களில் கிளை கழிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். வாயைத் திறந்தால் கேலிதான்.

“நம்முளுக்குக் காப்பு கீப்பு ஒண்ணுமில்லீங்களே, ரைட்டரய்யா. விரலுக்கா பஞ்சம்? நீங்க பேரச் சொல்லுங்க, நான் நீட்டறேன்.”

சொன்னேன். தன் பேருக்கு ஒரு தடவை, அந்த ஆறு பேருக்கு ஆறு தடவை. நடுநடுவே வேறு ஆட்களை விட்டு, வலது கை, இடது கை என்று மாற்றி மாற்றி நீட்டினார். மண்ணும் கறையும் ஏறிய கைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் உள்ளேயிருந்து வந்தவர் ஆச்சரியம் தாங்காமல், தேடினாலும் கிடைக்காத பி நெகட்டிவ் ஒரே எஸ்டேட்டில் ஏழு பேருக்கு இருக்கிறது என்றார். மலையில் சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுக்கிறார்கள், அதனால்தான் என்று காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். நான் “ஆமாங்க சார்” என்று தலையாட்டினேன். பட்டியலின் நகல் ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

அடுத்த வருஷம் மார்கழியில் என் மனைவியைப் பிரசவத்துக்கு அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதல் பிரசவம். காலையில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைக் கொண்டுவந்து என் மாமியார் கையில் கொடுத்த நர்ஸ், எங்கள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள். எட்டு மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்தார்.

“ரத்தப்போக்கு நிக்கல. பி நெகட்டிவ் மூணு பாட்டில் வேணும். எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. கோயமுத்தூருக்குப் போன் போடச் சொல்லியிருக்கேன்” என்றார். கையிலிருந்த தாளில் எஸ்டேட் பேரைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. “அட, நீங்க அந்த எஸ்டேட்டா? உங்ககிட்டயே ஏழு பேர் இருக்காங்களே! மூணு பேரைக் கூட்டிட்டு வாங்க, போதும்.” போன் பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்துச் சொன்னார். “கோயமுத்தூர் வேண்டாம். அங்கிருந்து வர்றதுக்கும் இவர் போய் வர்ற நேரம் ஆகும்.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏழு பேர் இல்லையம்மா, ஒரே ஆள்தான் என்று ஒரு வார்த்தை. மாமியார் குழந்தையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு, “சாமி கைவிடலீங்க மாப்ளே, ஏழு பேரு இருக்கறாங்களாமே” என்று அழுதார். அவர் முன்னால், அந்த டாக்டர் முன்னால், நான் பொய் எழுதுகிறவன் என்று எப்படிச் சொல்வது? வேலை போய்விடுமே என்ற பயமும் இருந்தது. டாக்டர்கள் எதையும் கூட்டித்தான் கேட்பார்கள், ஒரு பாட்டிலே போதுமானதாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

அடிவாரத்தில் பஸ் நின்றது. டிரைவர் நிதானமாக டீ குடித்தார். அவர் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது. மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் அவள் உடம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் ரத்தம் போய்விட்டது என்றே தோன்றியது. நான் கும்பிடாத தெய்வம் இல்லை. அந்த ஆறு பேர் காப்புக் கட்டிய சாமியை மட்டும் கூப்பிட வெட்கமாக இருந்தது.

ஏற்காட்டில் இறங்கி, எஸ்டேட் ஜீப்பைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மேஸ்திரி மரத்தின் மேல் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, வேலைச் சட்டையோடு வந்து ஜீப்பில் ஏறினார். பாதி மலை இறங்கியபோதுதான் கேட்டார்.

“எத்தன பேரு வேணுமுன்னாங்க?”

“மூணு பேர்” என்றேன். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் வேலைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டார். பிறகு, “அன்னிக்கு ஏழு பேருக்கு நின்னேன். இன்னிக்கு மூணு பேருக்கு நிக்க மாட்டனுங்களா?” என்றார். முதல் தடவையாக அவர் குரலில் கேலி இல்லை.

ஒரு மணி வாக்கில் முதல் பாட்டிலை அவர் பேரிலேயே எடுத்தார்கள். குடிக்கக் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, “முக்காவாசி சிக்கிரிங்க” என்றார். உள்ளே போய்வந்த நர்ஸ் இன்னும் ரத்தம் வேண்டும், மற்ற இருவர் எங்கே என்று கேட்டாள். பின்னால் வருகிறார்கள் என்றேன். இரண்டு மணிக்கு ரத்தம் எடுக்கும் ஆள் மாறினார். என் சட்டையைக் கழற்றி மேஸ்திரிக்கு நான்தான் போட்டுவிட்டேன். காப்புக் கட்டிய ஆறு பேரில் ஒருவர் பேரைச் சொல்லி, மேஸ்திரியை மறுபடி அந்த அறைக்குள் அனுப்பியதும் நான்தான். அது அவரைக் கொன்றாலும் கொல்லும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அனுப்பினேன். அந்த நேரத்தில் என் மனைவியைத் தவிர யாருடைய உயிரும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இரண்டாவது பாட்டில் நிறைந்தது. எழுந்து நாலு அடி வைத்தவர் வராந்தாவில் அப்படியே சரிந்தார். முகம் சாம்பலாகிவிட்டது. ஓடிவந்த நர்ஸ் சட்டைக் கையை மேலே தள்ளினாள். ஒரு கையில் பஞ்சு. இன்னொரு கையைத் திருப்பினாள். அதிலும் பஞ்சு.

டாக்டரம்மா வந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஜன்னலையும் காப்பையும் ஏழு கைகளையும் சொன்னேன். மாமியார் கேட்டுக்கொண்டு நின்றார். டாக்டரம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“காலையிலயே சொல்லியிருந்தா இந்நேரம் கோயமுத்தூர்ல இருந்து வந்திருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போன் இருக்கும் பக்கம் வேகமாக நடந்தார்.

மூன்றாவது பாட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தது. அந்த மூன்று மணி நேரமும் ஒரு பெஞ்சில் மேஸ்திரி கண்ணை மூடிப் படுத்திருந்தார், கதவுக்கு அந்தப் பக்கம் என் மனைவி கிடந்தாள், நடுவில் நான் மேஸ்திரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். மாமியார் என் பக்கமே திரும்பவில்லை. அவள் பிழைத்தாள். மேஸ்திரி மறுபடி மரம் ஏற இரண்டு மாதம் ஆயிற்று. அந்த ஆறு பேரிடமும் அட்டைகளைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன், திட்டினார், வேலையை விட்டு நீக்கவில்லை.

மாமியார் மகளிடம் எதையும் சொல்லவில்லை. உடம்பு தேறட்டும் என்று விட்டிருப்பார். மூன்றாம் மாதம் குழந்தையோடு அவள் எஸ்டேட் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் ரத்தம் கொடுத்தவர்கள் பேர் இருந்தது. அதைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தாள்.

“ஏனுங்க, இந்த ரெண்டு பேரும் நம்ம எஸ்டேட்டுதானுங்களே? ரெண்டு ஊட்டுக்கும் போயி ஆளுக்கொரு துணி எடுத்துக் குடுத்துக் கும்புட்டுட்டு வரோணுமுங்க. நொம்பப் பெரிய மனசு அவுங்களுக்கு.”

அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகு கேட்டாள்.

“அப்ப, ஒரே ஆளுதான்னு எட்டு மணிக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியும்.”

“நான் உள்ள சாவக் கெடந்தது?”

“தெரியும்” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போய் ஒரு வேட்டியும் துண்டும் வாங்கிவந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் புறப்பட்டாள். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். என்னைக் கூப்பிடாமலே நடந்து போனாள்.