பதினோராம் விதி அகற்றிய செய்தி

திரு. தனபாலன் காலமான செய்தி நம் இணைய ஓவியக் குழுவுக்கு உரிய நேரத்தில் வந்து சேர்ந்தது. அதை அகற்றியவள் நான்.

அன்று காலை அவருடைய துணைவியார் சாந்தி அக்கா, கணவரின் கைப்பேசியிலிருந்தே, அவர் கடைசியாகத் திறந்து வைத்திருந்த ‘சிவப்புக் கோடு’ பகுதியில் மூன்று முறை குரற்பதிவு அனுப்பியிருக்கிறார். அப்பகுதியில் படங்களும் அவற்றின் மேல் இடப்படும் திருத்தங்களும் மட்டுமே இடம்பெறலாம், குரற்பதிவு கூடாது என்பது பதினோராம் விதி. விதியை மீறுவனவற்றைத் தானாகவே நீக்கும் ஏற்பாட்டைச் செய்தவளும் நானே. மூன்று முறையும் அவருக்கு ஒரே பதில் போயிற்று: ‘தங்கள் குரற்பதிவு இப்பகுதிக்கு உரியதன்று. பதினோராம் விதியைக் கருத்தூன்றி வாசிக்கவும்.’

மறுநாள் மாலை, நீக்கப்பட்டவற்றின் பட்டியலைப் பார்வையிட்டபோதுதான் அந்தக் குரலைக் கேட்டேன். “இந்தக் குரூப்புல இருக்கிறவங்களுக்கு… நான் தனபாலன் வைஃப் பேசுறேன். அவரு இன்னிக்குக் காலையில தவறிட்டாரு. நாளைக்கு மத்தியானம் எடுக்கிறோம். வீடு பண்டமாரான்லதான்.” நான் கேட்டபோது எடுத்து முடித்திருந்தார்கள்.

‘கோடும் நிறமும்’ குழுவின் உறுப்பினர்களாகிய உங்களில் பெரும்பாலோர் அவரை ‘கிரேன் மூன்று’ என்ற பெயரால் மட்டுமே அறிவீர்கள். உங்கள் படத்தின் மேல் ஒவ்வொரு காலையிலும் வேலைக்குப் போகுமுன் சிவப்புக் கோடிட்டு, மணிக்கட்டு எங்கே மடங்க வேண்டும், கழுத்து எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டியவர். கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். ஐம்பத்தொரு வயது. கப்பலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், உயரத்திலிருந்த அந்தக் கண்ணாடி அறைக்குள் அமர்ந்து, தமக்குப் பிடித்த அனிமே என்னும் ஜப்பானியச் சித்திரத் தொடர்களின் பாத்திரங்களை வரைந்துகொண்டிருந்தவர்.

அவரை நான் முதலில் சந்தித்தது கோலாலம்பூரில், அனிமே ரசிகர்கள் கூடும் ஒரு கண்காட்சியில். என் படங்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு மேசையில் அடுக்கியிருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் திருமண அழைப்பிதழ் வடிவமைப்பது என் தொழில். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள்; தமிழையும் ஓவியத்தையும் எனக்கு எவரும் கற்பிக்கவில்லை, நானே கற்றேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எக்காலத்தும் தயக்கமிருந்ததில்லை. பருத்த உடலும் வழுக்கைத் தலையுமாக ஒருவர் வந்து ஒரு படத்தை எடுத்துப் பார்த்தார். பிள்ளைக்கு வாங்க வந்த தகப்பனார் என்றே எண்ணினேன்.

“தங்கச்சி, இந்தப் பிள்ளைக்குத் தோள் எங்க போச்சு?”

“அங்கிள், உங்க பிள்ளைக்குத்தான வாங்குறீங்க? அவங்களுக்குப் புரியும்.”

“பிள்ளைக்கு இல்ல லா. எனக்குத்தான்.”

சொல்லிக்கொண்டே என் மேசையிலிருந்த சிவப்பு மார்க்கரை எடுத்துப் படத்தின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டார். நான் கூச்சலிட்டேன்.

“கத்தாதீங்க தங்கச்சி. அடுத்தவங்க தாள்ல நான் கை வைக்க மாட்டேன். மேல இருக்கிற பிளாஸ்டிக்லதான போட்டேன்? புடிக்கலைன்னா தொடைச்சிடுங்க.”

தோள் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. படத்தை வேறு உறைக்கு மாற்றினேன். அன்று மாலையே யாரோ அதை வாங்கிச் சென்றார்கள். கோடிட்ட உறையை மட்டும் துடைக்காமல் வைத்துக்கொண்டேன். இன்று நம் குழுவில் எவர் படத்தைத் திருத்தினாலும் மூலத்தைத் தொடாமல் தனி அடுக்கில் சிவப்பில் வரைகிறோமே, அந்த வழக்கம் அந்த மேசையில் பிறந்தது.

குழுவைத் தொடங்கியபோது இருபத்தொன்பது விதிகளை இயற்றினேன். அவர் இரண்டாம் விதியோடு வாசிப்பதை நிறுத்திவிட்டார். “செயலாளர்ம்மா, இது குழுவா, பாராளுமன்றமா?” என்றார். அன்றுமுதல் அவருக்கு நான் செயலாளர்ம்மாதான். குழுவை நடத்துவது என்றால் என்னவென்று நான் எழுதினேன், நடத்தியவர் அவர். இந்த உண்மையை அவர் உயிரோடிருந்தபோது நான் ஒருமுறையும் எழுதவில்லை.

அம்பாங்கைச் சேர்ந்த நிவேதா வேறொருவர் படத்தைத் தாளடியில் வைத்து அப்படியே வரைந்தார் என்று புகார் எழுந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஏழாம் விதிப்படி அவரை நீக்க வேண்டும் என்றேன். தனபாலன் மறுத்தார். “நானும் அப்படித்தான் வரையக் கத்துக்கிட்டேன். மொதல்ல என்னைத் தூக்குங்க. அப்புறம் உங்க மனசாட்சியக் கேட்டுட்டு நீங்களும் வெளிய வாங்க.” ஒரு வாரம் குழு இரண்டுபட்டது. வெளியேறியவர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கெஞ்சினார் அவர். வெளியேறும் முறை பற்றி முப்பதாம் விதியை எழுதிக்கொண்டிருந்தேன் நான்.

தம் முகத்தைக் குழுவில் காட்ட அவர் ஒருபோதும் இசையவில்லை. வெள்ளி முடி நெற்றியில் புரளும், ஒல்லியான ஓர் இளைஞனைத் தாமே வரைந்து அடையாளப் படமாக வைத்துக்கொண்டார். “என் மூஞ்சியப் பார்த்தா பிள்ளைங்க ‘சார்’னு எந்திரிச்சு நிக்கும். அப்புறம் எவன் அரைகுறைப் படத்தைக் காட்டுவான்?” என்றார். அந்த இரகசியத்தை நான் காத்தேன். ஆனால் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்: “நம்ம குழுவுல எல்லா மூஞ்சிக்கும் பதினேழு வயசு. தொப்பை உள்ள ஆளு ஒருத்தன வரைங்களேன். அனிமேயில அங்கிள் எல்லாம் இல்லையா?” பிறகு பார்க்கலாம் என்றேன். உண்மைக் காரணம், எனக்கு வராது. வராது என்று சொல்ல வரவில்லை. என் படங்களில் ‘கோடு வேண்டாம்’ என்ற குறிப்பையும் நான் அகற்றியதில்லை.

இறப்பதற்கு முந்திய வாரம் மார்பு இறுக்குகிறது என்று எழுதியிருந்தார். மருத்துவமனைக்குச் செல்லுமாறு கடிந்தேன். “காத்துப் புடிச்சிருக்கு லா, சுடுதண்ணி குடிச்சா போயிடும்” என்று பதில் வந்தது. இந்தப் பதிலை நினைக்கும்போது எனக்குத் துக்கத்துக்கு முன் கோபமே வருகிறது. அடுத்தவர் வரைந்த முழங்கையில் அரை விரல் பிழையைக் கண்டுபிடித்த மனிதர், தம் நெஞ்சில் இருந்ததைக் காற்று என்றார்.

செய்தியை நான் அறிவித்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள்? கறுப்பு இதயங்களை இட்டீர்கள். மெழுகுவத்திகளை இட்டீர்கள். வெள்ளி முடி இளைஞனுக்கு இறக்கை வைத்து வரைந்தீர்கள். அவர் உயிரோடிருந்தபோது, சிவப்புக் கோடு போட அவருக்குத் துணையாக இருவர் வேண்டும் என்று நான் ஆறு அறிவிப்புகள் விடுத்தேனே, அவற்றுக்கும் இதயங்களையே இட்டீர்கள். ஒருவரும் வரவில்லை. இப்போது அப்பகுதியில் திருத்தம் வேண்டிப் படங்கள் வரிசையாகக் காத்துக் கிடக்கின்றன.

பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குச் சென்றேன். நிவேதாவும் வந்தார், நீங்கள் கூட்டாக வரைந்த அந்த இறக்கை வைத்த இளைஞனைச் சட்டமிட்டு எடுத்து வந்திருந்தார். தனபாலனின் முகம் நிவேதாவுக்குத் தெரியாது என்பதை நான் முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். சாந்தி அக்கா சட்டத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“இது யாரு பையன்மா? வீடு மாறி வந்துட்டீங்களா?”

“இல்ல ஆன்டி… இது கிரேன் மூணு. எங்க குரூப்பு…”

துறைமுக நண்பர் ஒருவர் எட்டிப் பார்த்தார். “நம்ம தனபாலனா? இவனுக்கு இவ்வளவு முடி எப்ப இருந்துச்சு? நான் பார்த்த நாள்லேருந்து ஹெல்மெட்டு நேரா மண்டையிலதான் உக்காரும்!”

வீடே சிரித்தது, சாந்தி அக்காவும் சிரித்தார். நிவேதா சுவரைப் பார்த்தார். அங்கே மாலைக்குள், அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய, கண் எது, இமை எது என்று தெரியாத ஒரு படம். வீட்டில் இருந்த படம் அது ஒன்றுதான். படம் எடுக்கக் கணவர் நின்றதே இல்லை என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்கதான் அந்த ரூல்ஸ் எழுதுற அம்மாவா?”

“ஆமாங்கக்கா.”

“மூணு வாட்டி பேசினேன்மா. மூணு வாட்டியும் என்னமோ எழுத்து வந்துச்சு. நான் மலாய் ஸ்கூல்ல படிச்சவ. தமிழ் பேசுவேன், அவ்வளவா வாசிக்க வராது. அவரு கூட்டாளிங்க ஏதோ பதில் போடுறாங்கன்னு நெனச்சேன். வருவீங்கன்னு பார்த்தோம்.”

வாழ்நாள் முழுதும் நானே தேடிச் சேர்த்த சொற்களில் ஒன்றுகூட அப்போது எனக்கு உதவவில்லை. “தப்பு என்னோடதுக்கா” என்றேன். அவர் அதை மறுக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. “நீங்க வரைவீங்கல்ல? அவரு மூஞ்சிய வரைஞ்சு குடுங்க. சாமி மேடைக்குப் பக்கத்துல மாட்ட ஒரு படம் வேணும்” என்றார்.

நான்கு முறை வரைந்தேன். முதல் மூன்றிலும், நான் எவ்வளவு தடுத்தும், அவருக்குப் பதினேழு வயதாகிவிட்டது. நான்காவதில் தொப்பையும் வழுக்கையும் வந்தன, அவர் வரவில்லை. பிழை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டிய மனிதரைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். படத்தைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, ஒரு சிவப்பு மார்க்கரோடு பண்டமாரானுக்கு எடுத்துச் சென்றேன். வாழ்வில் முதன்முறையாக, “கோடு போடுங்கக்கா” என்று ஒருவரிடம் கேட்டேன்.

“எனக்கு வரையத் தெரியாதும்மா.”

“எனக்கும் அவரைத் தெரியலக்கா.”

அவர் தயங்கி, மார்க்கரைப் பேனாவைப் போல் இறுக்கிப் பிடித்து, தாடையின் கீழே காதுவரை ஒரு கோடு இழுத்தார். “இங்க இருக்கும். ஹெல்மெட் வாரு அழுத்தி அழுத்தி விழுந்த தடம். குளிச்சாலும் போகாது.” அந்தக் கோட்டின்படி திருத்தினேன். படம் இப்போது அவர்கள் வீட்டில் மாட்டப்பட்டிருக்கிறது. கண்கள் இன்னும் சற்றுப் பெரியவைதாம். இருக்கட்டும் என்றார் அக்கா.

பதினோராம் விதியை நீக்கிவிட்டேன். ‘அடுத்தவங்க தாள்ல கை வைக்காதீங்க, மேல போடுங்க’ என்ற அவருடைய சொல்லை அவர் பேசியபடியே அந்த இடத்தில் எழுதியிருக்கிறேன். இந்த அஞ்சலியை என் குரலிலும் பதிவு செய்து, சாந்தி அக்கா கேட்பதற்காக, சிவப்புக் கோடு பகுதியிலேயே இடுகிறேன். காத்துக் கிடக்கும் படங்களுக்கு நாளை காலைமுதல் நான் கோடிடுவேன், அவரைப்போல் வராது. துணைக்கு வருவோர் இதயக் குறி இடாமல் பெயரை எழுதுங்கள். என் படங்களிலும் இனிக் கோடிடலாம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இரண்டு பிளாஸ்டிக் உறைகள். ஒன்றில், என்றோ விற்றுப்போன படத்துப் பெண்ணுக்கு அவர் வைத்த தோள். மற்றொன்றில், அவர் மனைவி இழுத்த தாடைக் கோடு. இரண்டின் அடியிலும் இப்போது படம் இல்லை. கோடுகள் இருக்கின்றன.