ஒன்பதாயிரத்து அறுநூறு பவுண்டும் ஒரு கையெழுத்தும்

ஜெரால்டு ஹெப்டன் நல்ல மனுஷன் என்று இந்த அக்ரிங்டனில் யாராவது சொன்னால் எனக்குக் காது எரியும். யார் செத்தாலும் பூ அனுப்புவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கால்பந்துச் சட்டை வாங்கிக் கொடுப்பார். கிறிஸ்துமஸ் வந்தால் எங்களுக்கு ஆளுக்கொரு ஷெரி ஒயின் பாட்டில். இருபத்தாறு வருஷம் அவருடைய சொலிசிட்டர் அலுவலகத்தில், கசாப்புக் கடைக்கு மேலே, வாசல் மேசையில் உட்கார்ந்து போன் எடுத்தவள் நான். அவர் நல்லதனத்தின் லட்சணம் எனக்குத் தெரியும்.

சொல்ல வந்தது அவரைப் பற்றி அல்ல, லோர்னா என்ட்விசிலைப் பற்றி. பஸ் டிரைவர் மகள். பதினெட்டு வயதில் எங்களிடம் தட்டச்சு வேலைக்கு வந்தாள். உயிலும் வீட்டுப் பத்திரமும் விவாகரத்து மனுவும் தட்டித் தட்டி, ஒரு நாள் ஹெப்டன் எழுதிக் கொடுத்த பத்திரத்தில் எல்லைச் சுவர் யாருக்குச் சொந்தம் என்பதே விட்டுப்போயிருக்கிறது என்று அவரிடமே போய்ச் சொன்னாள். அன்றைக்குப் பிடித்தது, தானும் சொலிசிட்டர் ஆகவேண்டும் என்ற ஆசை. ஆறு வருஷம் தபால் வழியில் படித்துச் சட்டப் பட்டம் வாங்கினாள்.

பட்டம் மட்டும் போதாது. அதற்கு மேல் ஒரு தொழிற்படிப்பு, அதற்கும் மேல் ஒரு சொலிசிட்டரிடம் இரண்டு வருஷப் பயிற்சி ஒப்பந்தம். லண்டன் பெரிய அலுவலகங்கள் தாங்கள் பொறுக்கியெடுத்த பிள்ளைகளுக்குக் கட்டணமும் கட்டி, சாப்பாட்டுக்கும் காசு கொடுக்கும். எங்கள் தெருவில் அவரவர் கைக்காசு. படிப்பை முடித்தும் ஒப்பந்தம் கிடைக்கவில்லை என்றால் கட்டியது அம்பேல்.

கட்டணம் ஒன்பதாயிரத்து அறுநூறு பவுண்டு. லோர்னா தயங்கிக்கொண்டிருந்தபோது ஹெப்டன் டீக் கோப்பையோடு என் மேசை அருகே நின்று சொன்னார்: "நீ பாட்டுக்குக் கோர்ஸ முடிச்சிட்டு வா லோர்னா. ஒப்பந்தத்த நான் பாத்துக்குறேன்."

அவர் உள்ளே போனதும் நான் கேட்டேன். "எழுதி வாங்குனியா?"

"அவரே சொலிசிட்டர், மோனா. அவர்கிட்டப் போயி எழுதிக் குடுங்கன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதா?"

மாடிப்படி ஏறி வருகிற ஒவ்வொருவரிடமும் 'எழுத்தில் இருக்கிறதா' என்று கேட்டுப் பிழைக்கிற அலுவலகம் எங்களுடையது. அந்தக் கேள்வியை வாரத்துக்கு இருபது கடிதத்தில் தட்டுகிறவளே அவள்தான். இந்தக் கிறுக்குத்தனத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டும்தான் செய்வார்கள். வெளியாள் எவனும் எங்களை அவ்வளவு நம்பமாட்டான்.

அவள் புருஷன் வெய்ன், சுவர் பூசுகிறவன். சாயங்காலம் அவளை அழைத்துப்போக வந்து என் மேசை முன்னாலேயே சண்டை பிடித்தான்.

"வீட்டுக்குன்னு சேத்து வச்ச காசுடி அது! பூசிப் பூசி என் தோள்பட்டையே கழண்டு போச்சு. இன்னும் எத்தன நாளைக்கு உங்கம்மா வீட்டுப் பின்னறையில கெடக்குறது?"

"ரெண்டே வருஷம் வெய்ன். அப்புறம் தோட்டத்தோட வாங்கலாம்."

"யாரு சொன்னா? அந்த ஷெரி பாட்டிலா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லோர்னா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வைத்திருந்ததில் நாலாயிரத்து அறுநூறு, பாங்க் கடன் ஐயாயிரம். கட்டிவிட்டாள்.

இரண்டு வருஷம் சனிக்கிழமைதோறும் விடியற்காலை பஸ்ஸில் மான்செஸ்டர். திங்கட்கிழமை கண் சிவந்து வருவாள், ஆனால் ஒரு கடிதம் தவறாது. முதல் தரத்தில் தேறினாள். முடிவு வந்த திங்கட்கிழமையே ஹெப்டன் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு மாடியேறினார். பெயர் ரூப்பர்ட். கோல்ஃப் கூட்டாளியின் மகன். புதிய பயிற்சி சொலிசிட்டர்.

லோர்னா அவர் அறைக்குள் போனாள். கதவைச் சாத்துகிற பழக்கம் அந்த மனுஷனுக்குக் கிடையாது.

"அந்த எடம் எனக்குன்னு சொன்னீங்க, மிஸ்டர் ஹெப்டன்."

"பாத்துக்குறேன்னேன். பாத்தேன், இந்த வருஷம் தோதுப்படல. உன்னைய யாரும்மா காசு கட்டச் சொன்னது?"

"நீங்கதான்."

"எங்க, காகிதத்தக் காட்டு பாப்போம்." பிறகு குரலில் தேன் தடவி, "ரூப்பர்ட்டுக்கு ஃபைல் வைக்கிற மொறையக் கொஞ்சம் சொல்லிக் குடு. உன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அவள் சொல்லிக் கொடுத்தாள்! ரூப்பர்ட் இரண்டு வருஷத்தில் சொலிசிட்டர் ஆனான், அவள் இருந்த நாற்காலியிலேயே இருந்து ஹெப்டனுடைய ஃபைல்களைப் பார்த்துக் கொடுத்தாள். எழுபது அலுவலகங்களுக்கு எழுதிப் போட்டாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஏழு வருஷம் மாதாமாதம் கடனை அடைத்தாள். நாலாவது வருஷம் வெய்ன் பின்னறையைக் காலி செய்துகொண்டு பிளாக்பர்னில் ஒருத்தியோடு போய்விட்டான். "நீ ஏன் இன்னும் இங்கயே கெடக்குற, சூடு சொரணை இல்லையா?" என்று நான் அலுவலக அடுப்படியில் கத்தியிருக்கிறேன். "கட்டிட்டேன் மோனா. விட்டுட்டுப் போனா கட்டுனது போச்சுன்னு ஆயிடும்" என்பாள். அவள் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

2021இல் விதி மாறியது. ஒப்பந்தம் என்று பெயர் வைக்காத வேலையும் பயிற்சிதான். இரண்டு வருஷம் செய்திருந்தால் போதும். ஒரு சொலிசிட்டர் 'ஆமாம், செய்தாள்' என்று படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அப்புறம் ஒரு பரீட்சை. படித்த படிப்பும் செல்லும். லோர்னா அந்தச் செய்தியை என் மேசையில் வைத்தே மூன்று தரம் படித்தாள்.

செய்த வேலைக்குப் பட்டியல் போட ஃபைல்களோடு பில் நகல்களையும் எடுத்துப் பார்த்தாள். வந்தது வினை. எங்கள் தொழிலில் ஆறு ஆறு நிமிஷமாக நேரத்தைக் குறிப்போம். யார் வேலை பார்த்தாரோ அவர் பேரில்தான் கட்சிக்காரருக்குப் பில் போகவேண்டும். லோர்னா பார்த்தால் மணிக்குத் தொண்ணூறு பவுண்டு, ஹெப்டன் பார்த்தால் இருநூற்றுப் பத்து. பதினோரு வருஷமாக அவள் பார்த்த வேலையெல்லாம் அவர் பேரில் போயிருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். நான்தானே உறையில போட்டு அனுப்புறேன்."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் செய்தது சரி. எனக்கு வேலை போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க நான் தயாரில்லை.

அடுத்த திங்கட்கிழமை படிவத்தோடு அவர் அறைக்குள் போனாள்.

"ஒரு கையெழுத்து வேணும்."

அவர் படித்துவிட்டு நகர்த்தி வைத்தார். "நீ என்னத்தச் செஞ்ச இங்க? டைப் அடிச்ச, டீ போட்ட."

"அப்ப இந்த முந்நூத்திப் பன்னெண்டு ஃபைல யாரு பாத்தது?"

"நான். பில்லுல யாரு பேரு இருக்குன்னு பாரு."

"பாத்தேன். பில்லுல ஒங்க பேரு, குறிப்புல பூரா என் கையெழுத்து. நீங்க போடமாட்டேன்னா சொலிசிட்டர்களக் கண்காணிக்கிற ஆணையத்துக்கு எழுதலாமாம். அவங்க ஃபைலக் கேப்பாங்க."

அவர் முகம் வெளிறியதை என் மேசையிலிருந்தே பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

"காசு எதுவும் வேணுமா உனக்கு?"

"கையெழுத்துதான் கேட்டேன்."

போட்டார். "இதோட முடிஞ்சுதில்ல?"

"தேதி போடல நீங்க" என்றாள்.

பரீட்சைக் கட்டணம் இரண்டாயிரத்து நானூறு பவுண்டுக்கு மேல். இந்தத் தடவை அவள் பணத்தைத் தவிர வேறு யார் பணமும் அதில் கிடையாது. தேறினாள், பிரெஸ்டனில் ஒரு அலுவலகம் அவளைச் சேர்த்துக்கொண்டது. நாற்பத்து நாலு வயதில் சொலிசிட்டர். ஹெப்டன் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் கொடுத்து, எங்கள் அலுவலகம் வளர்த்த பெண் என்று பேட்டி கொடுத்தார். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்து நான் ரொட்டி தின்னவேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் காலைத் தபாலில் ஆணையத்தின் கனத்த உறை வந்தது. நான்தான் பிரித்தேன். பதினோரு வருஷத்துப் பில்களையும் ஃபைல்களையும் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். இணைப்புகளில் முதலாவது, லோர்னா இந்த வேலைகளைச் செய்தாள் என்று ஜெரால்டு ஹெப்டன் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்த படிவம்.

அவர் என் மேசைப் போனையே பிடுங்கி பிரெஸ்டனுக்கு அடித்தார்.

"நன்றி கெட்டவளே! நான் கையெழுத்துப் போட்டதாலதான்டி நீ சொலிசிட்டர்!"

அவள் குரல் எனக்கும் கேட்டது, கத்தவில்லை. "ஆமா மிஸ்டர் ஹெப்டன், அதுனாலதான். இன்னொரு சொலிசிட்டர் செய்ற தப்பு தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தா, சொலிசிட்டரோட உரிமம் போயிடும். ஒம்பதாயிரத்து அறுநூறு பவுண்டு கட்டி, வீட்டையும் புருஷனையும் விட்டு வாங்குனது அது. ஒங்களுக்காக அத எப்படி விடுறது?"