கிணற்றைக் குடிக்கப் பார்த்த மெஷின்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். முட்டத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியே இரண்டு மாடி வீடு கட்டினேன். பின்னால் நானே நின்று தோண்டிய கிணறு. கடல் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் குடிக்க நல்ல தண்ணீர். அளவோடு இறைக்க வேண்டும். மிஞ்சினால் அடியில் கிடக்கும் உப்புத்தண்ணீர் மேலே ஏறிவிடும். இது கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

துபாயில் ஏசி அறையில் வேலை பார்க்கும் என் மருமகனுக்குத் தெரியாது. லீவில் வந்தவர், குளியலறைக் குழாயில் வெள்ளை படிந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். தண்ணீரை மென்மையாக்க ஒரு மெஷினை மாட்டிவிட்டு விமானம் ஏறினார். அந்த மெஷின் வாரம் ஒருமுறை உப்புத்தண்ணீர் குடித்துத் தன்னையே கழுவிக்கொள்ளுமாம். எந்த எஞ்சினும் என்னிடம் இத்தனை உபசாரம் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்தால், கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் கழுவலின் நடுவில் சிக்கி, மேல்தொட்டித் தண்ணீரைக் கழிவுநீர் ஓடையில் விட்டுக்கொண்டிருந்தது. தொட்டி குறையக் குறைய மோட்டார் தானாக இறைத்தது.

"ஏட்டி, எப்பம் முதல் ஓடுது இது?" என்று மகளிடம் கேட்டேன்.

"விடியக்காலமே சத்தம் கேட்டுது அப்பா. அதுவே நின்னுரும்னு நெனச்சேன்."

"நிக்கும், கிணத்துல வெள்ளம் தீந்தா நிக்கும்!"

மோட்டாரை அணைத்தேன். மகள் கம்பெனிக்காரனைப் போனில் பிடித்துக் கொடுத்தாள்.

"ஐயா, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றான்.

"பண்ணியாச்சு. அதே இடத்துலதான் நிக்கி."

"அப்போ ஹெட்டையே மாத்தணும். வியாழக்கிழமை ஆள் வருவாங்க."

"அதுவரை நாங்க கடல்ல குளிக்கணுமா வே? போன வை."

பிரித்துப் பார்க்காமலே மாற்றச் சொல்கிறவன் எங்கள் துறையில் ஒரு நாள் நின்றிருக்க மாட்டான்.

மெஷினுக்குள் தண்ணீர் போகாதபடி பைபாஸ் வால்வைத் திருப்பி, பிளக்கைப் பிடுங்கி, அதன் தலையைக் கழற்றினேன். உள்ளே தண்ணீரின் போக்கை மாற்றும் ஒரு பிஸ்டன், சுற்றிலும் ரப்பர் வளையங்கள். படகில் பார்க்காததா? அசைத்து அசைத்து வெளியே எடுத்தால், வளையமெல்லாம் கறுத்த சேறு.

மெஷினோடு வந்த உப்புத் தொட்டியின் அடியிலும் அதே சேறு. அதில் உப்பு போட்டது நான்தான். பாக்கெட்டில் வரும் மாத்திரை உப்பைத்தான் போட வேண்டும் என்று மருமகன் சொல்லியிருந்தார். மணக்குடி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவன் கடையில் போய் உப்பு மாத்திரை கேட்பேனா? மீனுக்குப் போடும், மண் கலந்த கல்லுப்பை ஒரு சாக்கு கொட்டியிருந்தேன். தப்பு என்னுடையதுதான். ஆனால், மீன் தாங்குகிற சேற்றைத் தாங்காதது என்ன மெஷின்?

வளையங்களைக் கழுவினேன். எஞ்சின் கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும் என்பதால் சிலிகோன் கிரீஸ் தடவினேன். பூட்டியதும் பிஸ்டன் நகர்ந்தது. மேல்தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரிலேயே கழுவல் முடிந்து நின்றது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிணற்றில் ஒரு வாளி கோரிக் குடித்தேன். கரித்தது.

என் மனைவி குடத்தை இடுப்பில் வைத்தாள். "மெஷின சரியாக்கிட்டிய. நான் இனி அடுத்த வீட்டுல போய் வெள்ளம் கேக்கேன்."

உப்பு கீழே இறங்கும்வரை இனி யாரும் மோட்டார் போடக் கூடாது. மோட்டாரின் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மருமகன் போனில், "மாமா, மெஷின் ஓகேயா?" என்றார்.

"அதுக்கு ஒரு கொறையும் இல்ல. நாங்கதான் தாகத்துல கெடக்கோம்" என்று வைத்துவிட்டேன்.

ஆறாம் நாள் மனைவியே ஒரு வாளி கோரினாள். ஒரு கை அள்ளிக் குடித்தாள். இன்னொரு கை. பிறகு குடத்தை நிரப்பினாள்.