பேர் போடாத நோட்டீசு

பிள்ளைகளே, என் ஆர்மோனியப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற மஞ்சள் நோட்டீசைப் பற்றிச் சின்னவள் கேட்டாள். "ராஜபார்ட்டுக்குப் பேர் போட்டிருக்கு, ஸ்திரீபார்ட்டுக்குப் போட்டிருக்கு, பபூனுக்குக்கூடப் போட்டிருக்கு. ஆர்மோனியத்துக்கு நேரா மட்டும் பேரே இல்லையே, அது யாருப்பா?" என்றாள். அதற்குப் பதில்தான் இது. பெரியவனே, நீயும் பிடில் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி ஒரு மாதம் ஆகிறது. யாரும் கூப்பிடுவதில்லை என்று யாரிடமும் பேசாமல் கிடக்கிறாய். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் எழுதுவது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் உலகச் சண்டைக்கு முந்திய காலம். உங்கள் அம்மா அப்போது வரவில்லை. நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெல்ல மண்டிக்கு மேலே இருந்த மாடி அறையில் தங்கியிருந்தேன். நாடகத்துக்கு வாசிக்கிறவர்கள், பாடுகிறவர்கள் என்று எட்டுப் பேர் அங்கே பாய் விரித்துப் படுப்போம். ராசிபுரத்தில் என் அப்பா தறியை விட்டுப் போகாதே என்று எவ்வளவோ சொன்னார். நான் கேட்காமல் கிளம்பியதும் என் இடத்தில் தம்பியைத் தறிக்குழியில் உட்கார வைத்துவிட்டார். திரும்பிப் போனாலும் உட்கார இடம் கிடையாது.

அந்த நாளில் நாடகம் என்றால், ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், மிருதங்கம் இன்னொரு ஊரிலிருந்து வருவார், எல்லாரும் அன்றைக்கு மேடையில்தான் முதல்முதலாக முகம் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. யார் யார் வருகிறார்கள் என்று கோயில் கமிட்டிக்காரர்கள் முன்கூட்டியே நோட்டீசு அடித்துச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் ஒட்டிவிடுவார்கள். நோட்டீசில் யார் பேர் பெரிய எழுத்தில் இருக்கிறதோ அவருக்காகத்தான் வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வருவார்கள்.

அப்போது சேலத்தில் ஆர்மோனியத்துக்கு ஒருவர் கொடிகட்டிப் பறந்தார். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் ஒரே நாளில் இரண்டு ஊரில் அவருக்கு நாடகம் இருக்கும். ஒன்றுக்கு அவர் போவார். இன்னொன்றுக்கு என்னை அனுப்புவார்.

"நோட்டீசுல என் பேரு அடிச்சாச்சுப்பா. நீ போயி உக்காரு. நீங்கதானான்னு யாராச்சும் கேட்டா ஆமான்னும் சொல்லாதே, இல்லைன்னும் சொல்லாதே. தலையை மட்டும் ஆட்டு," என்பார்.

போட்டோ போடாத காலம், வெளியூரில் யாருக்கும் முகம் தெரியாது. அவருக்கு ஜமீன்தார்களும் சபைக்காரர்களும் குத்திய மெடல்கள் எட்டு இருந்தன. அதில் மூன்றைக் கழற்றி, தன் பழைய கறுப்புக் கோட்டில் குத்தி எனக்குப் போட்டு விடுவார். துருத்தியை மிதிக்கும்போது மெடல் ஒன்றோடு ஒன்று இடித்துக் கிண்கிண் என்று சத்தம் கேட்கும்.

இப்படித் திருச்செங்கோட்டுக்குத் தெற்கே ஒரு ஊருக்கு, அம்மன் திருவிழாவுக்கு, மூன்று வருஷம் தொடர்ந்து போனேன். நோம்பி என்பார்கள் அந்தப் பக்கம். ஊர்ப் பேர் வேண்டாம். முதல் வருஷம் மத்தியானமே போய்விட்டேன். பொழுது போகாமல் ஒரு கிணற்றோரம் உட்கார்ந்திருந்தேன். மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். மாடு சரிவில் இறங்கும்போது கயிறு ஓடுகிற உருளை ஒரு மாதிரி முனகும், தண்ணீர் கொட்டியதும் நிற்கும், மாடு பின்னாலே வரும்போது வேறு மாதிரி கிறீச்சிடும். அன்றைக்கு ராத்திரி, நாடகத்துக்கு முன்னால் ஆர்மோனியக்காரர் தனியாக வாசிக்கிற நேரத்தில், அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை அரைகுறையாக அமுக்கிக் காற்றைக் குறைத்துவிட்டேன். அந்த உருளைச் சத்தம் அப்படியே வந்தது. அதிலிருந்து மெல்ல ஒரு ராகத்துக்குப் போனேன். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. "ஒன்ஸ்மோர்! அந்த உருளைய இன்னொருக்கா உடுங்க சாமி!" என்று சீட்டி அடித்தார்கள். அடுத்த இரண்டு வருஷமும் நான் மேடை ஏறியதுமே "உருளை, உருளை" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு விஷயம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வருஷமும் எனக்குத் துளி பயம் கிடையாது. நினைத்ததையெல்லாம் வாசித்துப் பார்ப்பேன். தப்பு வந்தால் கோட்டுக்காரர் தப்பு, எனக்கென்ன? அதைத்தான் நான் என்னுடைய தைரியம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நாலாவது வருஷம் அவருக்கு இன்னொரு ஊர் நாடகம் தட்டிப்போய்விட்டது. அதனால் அந்த ஊருக்கு அவரே போனார். என்ன நடந்தது என்று அவரோடு போன மிருதங்கக்காரர் திரும்பி வந்து சொன்னார்.

"என்னத்தைச் சொல்ல! அவரு சுத்தமாத்தான் வாசிச்சாரு. கூட்டம் 'உருளை'ங்குது. அவருக்கு என்ன உருளைன்னே தெரியலை. 'ஆளை மாத்திட்டாங்கடா! பேரை வெச்சு எவனோ ஏமாத்துறான், எறங்குடா கீழே!'ன்னு கத்தறானுங்க. எட்டு மெடலையும் குத்திக்கிட்டு மனுசன் உக்காந்திருக்காரு. கமிட்டிக்காரரு மேடையில ஏறி 'இவருதானுங்க அவரு'ன்னு சத்தியம் பண்றாரு. ஒருத்தனும் நம்பலை."

மிருதங்கக்காரர் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிரத்தான் செய்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கோட்டுக்காரர் மாடிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார்.

"என் பேர்ல போயி நீ என்னமோ வாசிச்சிருக்கே. நல்லாவும் வாசிச்சிருக்கே போல. இப்ப அந்த ஊர்ல நான் நானில்லைப்பா," என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை எங்கும் அனுப்பவில்லை.

எனக்கு அப்போது அவ்வளவு கவலையாக இல்லை. அந்த ஊர் கேட்டது என்னைத்தானே, போய் உண்மையைச் சொன்னால் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வாரமே பஸ் ஏறினேன். கமிட்டித் தலைவர் ஊருக்குப் பெரியவர், தோட்டத்தில் வரப்பு மேல் நின்று ஆட்களை வேலை ஏவிக்கொண்டிருந்தார். கூட இன்னொரு கமிட்டிக்காரர், காதில் சிவப்புக் கடுக்கன் போட்டவர். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

பெரியவர் வரப்பிலிருந்து இறங்கி வந்தார். "ஏனுங்க, அப்ப மூணு வருசமா எங்களை ஏமாளின்னு நெனைச்சுட்டீங்களா?"

"வாசிச்சது இவருதானுங்களே மாமா," என்றார் கடுக்கன்காரர்.

"வாசிச்சா? நாம பத்து ஊருக்குப் பசை காய்ச்சி ஒட்டுனமே, அது அத்தனையும் பொய்யி. அம்மன் நோம்பிக்குப் பொய்ய ஒட்டியிருக்கறோம்." என் பக்கம் திரும்பி, "மோர் குடிச்சுட்டுப் போங்க. இனி இந்தப் பக்கம் வர வேண்டாமுங்க," என்றார்.

மோரைக் குடித்தேன். திருச்செங்கோடு வரைக்கும் நடந்தே வந்தேன். மலை வழி நெடுகப் பக்கத்தில் இருப்பதுபோலவே தெரிந்தது, கிட்டே வரவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம். நாடகம் பிடித்துத் தருகிற ஏஜெண்டிடம் போய் நின்றால், "நோட்டீசுல உன் பேரைப் பார்த்தவன் எவன் இருக்கான்? ஒருத்தருக்கும் தெரியாத பேரை எப்படிப் போடச் சொல்றது?" என்பார். "போடாம எப்படிங்க தெரியும்?" என்று கேட்டால், "அது உன் கவலை," என்று வெற்றிலை மெல்லுவார். பஜனை மடம், பள்ளிக்கூட ஆண்டு விழா, மேட்டூரில் ஆபீஸ்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம், எது வந்தாலும் போனேன். போன இடத்தில் முதலில் என் பேரைச் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு விரல் நடுங்கும். கோட்டுப் போட்டு ஆயிரம் பேர் முன்னால் நடுங்காத விரல், முப்பது பிள்ளைகள் உட்கார்ந்த பள்ளிக்கூடத்தில் நடுங்கியது. தப்பு வந்தால் என் தப்பு. இரண்டு மூன்று இடத்தில் வந்தது. ஒரு இடத்தில் வாத்தியார் பாதியிலேயே கையைத் தட்டி முடித்து வைத்துவிட்டார்.

சித்திரை மாதந்தான் ரொம்பக் கஷ்டம். எல்லாருக்கும் நாடகம் இருக்கும். மாடி அறையில் ஏழு பாய்கள் சுவரோரம் சுருட்டி நிற்கும். என்னுடையது மட்டும் விரித்தபடி கிடக்கும். பேச ஆள் இருக்காது. காலையில் வெல்ல மூட்டை நிறுக்கிறவன் கீழே இருந்து தலையைத் தூக்கி, "ஏனுங்க பெட்டிக்காரரே, இன்னைக்கும் ரஜாவுங்களா?" என்பான். "ஆமாப்பா," என்பேன். பிறகு ஜன்னலோரம் பெட்டியைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை வாசிப்பேன். ஒருநாள் விட்டாலும் மறுநாள் உட்கார மாட்டேன் என்று பயம். அந்தப் பயந்தான் என்னை உட்கார வைத்தது.

அப்படி வாசித்துக்கொண்டிருந்த ஒரு நாள், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் அந்தக் கடுக்கன்காரர் நிற்கிறார். கீழே மண்டிக்கு வெல்லம் கொண்டு வந்திருக்கிறார்.

"மேல உருளை சுத்துதேன்னு பார்த்தனுங்க. செவ்வாய்ப்பேட்டையில மாடி மேல ஏதுங்க கெணறு?" என்று சிரித்தார். பாயில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். "ஆரும் இல்லீங்களா?"

"எல்லாருக்கும் நாடகம்."

அவர் என் பெட்டியை ஒருமுறை தடவிப் பார்த்தார். "நோம்பிக்கு வாங்க. எங்க ஊட்டுப் பொம்பளைக ரண்டு வருசமா உருளை எங்க, உருளை எங்கன்னு கேட்டுட்டே இருக்கறாங்க. நோட்டீசுதானுங்க வம்பு. உங்க பேரைப் போட்டா ஆருடா இவன்னு கேப்பாங்க. அவரு பேரைப் போட்டா மாமன் தடியத் தூக்குவாரு. வேணும்னா அவரு பேரைப் பெருசாப் போட்டு, கீழ பொடி எழுத்துல அவரோட சிஷ்யருன்னு..."

"அவர் பேர் வேண்டாம். என் பேரைப் போட்டாத்தான் வருவேன்," என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. பன்னிரண்டு நாளாக எனக்கு ஒரு இடத்திலும் வாசிப்பு இல்லை.

"மாமனைக் கேட்டுச் சொல்றனுங்க," என்று இறங்கிப் போய்விட்டார். இனி வர மாட்டார் என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் மண்டிக்கு வந்த வண்டிக்காரரிடம் நோட்டீசு கொடுத்தனுப்பியிருந்தார். இந்த மஞ்சள் நோட்டீசுதான். ஆர்மோனியத்துக்கு நேராக, 'மூன்று வருஷம் நமது ஊரில் வாசித்தவர்' என்று போட்டிருந்தது. அவ்வளவுதான்.

"பொய்யும் வேண்டாம், தெரியாத பேரும் வேண்டாம், நடந்ததைப் போடுன்னு பெரியவரு சொல்லிட்டாருங்க," என்றார் வண்டிக்காரர்.

எனக்கு முதலில் கோபந்தான் வந்தது. பேர் போடாவிட்டால் வர மாட்டேன் என்றுதானே சொன்னேன். நோட்டீசைப் பாய் மேல் போட்டுவிட்டு அரை நாள் அதைப் பார்க்காமல் இருந்தேன். பிறகு எடுத்துப் படித்தேன். அந்த வரிக்கு வேறு யாரும் போய் உட்கார முடியாது என்று தோன்றியது. சொல்லாமல் போகக்கூடாது என்று கோட்டுக்காரர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "போயிட்டு வா. என் கோட்டு கெடையாது," என்றார். பாதி சிரிப்பு, பாதி நிஜம்.

வெள்ளைச் சட்டையோடு மேடை ஏறினேன். முன்வரிசையில் பெரியவர் தடியைக் காலுக்கிடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"மெடலெல்லாம் எங்கீங்க சாமி? அடகுக்குப் போயிருச்சுங்களா?" என்று ஒரு குரல். சிரிப்பு.

"அது என்னுது இல்லைங்க," என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு.

உருளையை நான் உடனே எடுக்கவில்லை. மாடி அறையில் இரண்டு வருஷம் தனியாக வாசித்ததை முதலில் வாசித்தேன். ஒரு இடத்தில் வழுக்கியது. திரும்பப் போய் அந்த இடத்தைச் சரியாக வாசித்துவிட்டு மேலே போனேன். கூட்டம் கத்தவில்லை, சீட்டி அடிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில்தான் உருளையை விட்டேன். கூட்டம் எழுந்தது. பெரியவர் எழவில்லை, கையும் தட்டவில்லை.

விடிந்து நாடகம் முடிந்ததும் மற்றவர்களுக்கெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். என் முறை வந்ததும் கூப்பிடுகிறவர் நோட்டீசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பெட்டிக்காரருக்கு," என்று சொல்லிப் போட்டார். நான் பெட்டியை மடக்கிக்கொண்டிருக்கும்போது பெரியவர் மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

"பேரு என்னங்க?"

சொன்னேன். ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்ப்பதுபோல உதடு அசைந்தது. தலையை ஆட்டிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

பிற்பாடு என் பேர் போட்ட நோட்டீசு எத்தனையோ வந்தன. ஒன்றைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை.

நாடகம் முடிந்த அன்றைக்கு மத்தியானம் செவ்வாய்ப்பேட்டைக்குத் திரும்பி வந்தேன். அறையில் ஒருவரும் இல்லை. எட்டுப் பாயும் சுருட்டியே நின்றன. நடந்ததைச் சொல்ல ஆள் இல்லை. அடுப்பு மூட்டி, ஒரு பிடி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சினேன். தறிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு, பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியைக் காய்ச்சச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மஞ்சள் நோட்டீசைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கம், அந்த ஆர்மோனிய வரிக்கு நேர் பின்னால், பென்சிலால் என் பேரை எழுதினேன். எழுதிய பக்கத்தில் கஞ்சியைத் தடவினேன். பெட்டி மூடியின் உள்ளே ஒட்டி, நான்கு மூலையும் காய்கிற வரைக்கும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.