பன்னிரண்டாவது தட்டு

குருவம்மாள் மதினியின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "சாமி படம் மாட்டுற செவுத்துல தட்டை மாட்டி வச்சிருக்கீகளே, ஏன்?" அதற்கு அவள் சொல்லும் பதிலும் ஒன்றுதான். "சாமிக்கு அந்தச் செவுரு இருக்கு. இது என் செவுரு."

ஆனைக்குட்டம் அணைக்குப் போகிற பாதையில் எங்கள் காலனி. அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடுகள். அந்த ஒற்றை அறையிலும் ஒரு சுவரை மதினி பீங்கான் தட்டுகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். நான் சொல்லவரும் 2007-ஆம் வருஷத்தில் அங்கே பதினான்கு தட்டுகள் இருந்தன. எல்லாவற்றிலும் பறவைகள். ஒன்றில் சோடிக் கிளி, ஒன்றில் மீனைக் கவ்விய கொக்கு, இன்னொன்றில் இந்த ஊரில் எவனும் பார்த்திராத ஏதோ ஒரு சீமைப் பறவை. பட்டாசுப் பெட்டி கட்டுகிற சணலில் வலை பின்னி, ஒவ்வொன்றையும் ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். பூப்போட்ட தட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவளுக்கு வேண்டாம். றெக்கை இருந்தால்தான் அந்த வீட்டுக்குள் வரலாம்.

விருதுநகரிலும் சிவகாசியிலும் பழைய வீடுகளை இடித்து மாடி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பழைய இரும்பு வியாபாரி சீனிச்சாமி பித்தளைக்கும் இரும்புக்கும் போவார். வீட்டுக்காரர்கள் பரணில் கிடக்கும் பீங்கானையும் அவர் வண்டியில் தள்ளிவிடுவார்கள். பீங்கானை உருக்க முடியாது, விற்க முடியாது. ஓடைக்கரையில் கொட்டப் போனவரை மதினிதான் ஒருநாள் வழிமறித்தாள். அதிலிருந்து மாதம் ஒரு தடவை சீனிச்சாமி வண்டியை எங்கள் தெருவில் நிறுத்துவார். அவள் சாக்கைக் கவிழ்த்து, கோழி கிளறுவதுபோலக் கிளறுவாள். அவருக்கு ஒரு சொம்பு மோர் கிடைக்கும்.

நானும் மதினியும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர்கள். அவள் வெடிக்குத் திரி சொருகுவாள், நான் பெட்டி ஒட்டுவேன். நான் பத்தாவது வரை படித்தவள். காலனியில் மனு எழுதுவதும் கடுதாசி எழுதுவதும் நான்தான். அதனால் இதையும் நானே எழுதுகிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பேர் உண்டு. இருக்கட்டும்.

மதினிக்கு ஒரு பழக்கம். கம்பெனியிலிருந்து வந்ததும் அலுமினியப் பவுடர் மினுங்கும் கையோடு தட்டுப் பக்கம் போகவே மாட்டாள். சீயக்காய் போட்டு முழங்கை வரை தேய்த்துவிட்டுத்தான் தொடுவாள். ஒருநாள் நான் மருந்துக் கையோடு கொக்குத் தட்டைத் தொட்டுவிட்டேன். "கையைக் களுவிட்டுத் தொடு" என்று கத்தினாள். நான் சும்மா இருக்கக் கூடாதா? "என்ன மதினி, நீயும் தீட்டுப் பாக்க ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தேன். அவள் முகம் செத்துப்போனது. எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் அவளாகவே வந்து உட்கார்ந்து, முதல் தட்டின் கதையைச் சொன்னாள்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் கம்பெனி முதலாளி சங்கரலிங்கத்தின் குடும்பத்துக்கு அன்றைக்குப் பட்டாசு கிடையாது. வெம்பக்கோட்டைப் பக்கம் பருத்திக் காடுதான். மதினியின் அம்மா அந்தக் காட்டில் கூலி. அந்த வீட்டுப் பெரியவர் கப்பல் ஏறி வியாபாரத்துக்குப் போனவர். திரும்பி வரும்போது பன்னிரண்டு பீங்கான் தட்டுகள் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றிலும் நீல வாலை மடக்காமல் தொங்கவிட்டு, கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் ஒரு பறவை. வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. கொட்டில் கூட்ட வந்த அம்மாவோடு மதினியும் போயிருந்தாள். இவர்களுக்குச் சோறு கொல்லையில், இவர்களுக்கென்று கூரை இடுக்கில் செருகி வைத்திருந்த தகரத் தட்டில். சம்பந்தி வீட்டார் சாப்பிட்ட பீங்கான் தட்டுகளைக் கழுவிக் கல்மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். திடீரென்று மழை. ஆடுகள் தெறித்து ஓடின. ஒரு கிடா கல்லை நோக்கி வந்தது. மேலே இருந்த தட்டை மட்டும் மதினி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினாள்.

தாழ்வாரத்தில் நின்றது அந்த வீட்டு இளம் மருமகள் பேச்சியம்மாள், இப்போதைய முதலாளிக்கு அம்மா. "ஏட்டி, உன்னை யாரு அதைத் தொடச் சொன்னது?" என்று அவர் கேட்ட கேள்விக்கு, "ஆடு மிதிச்சிரும்னு எடுத்தேன்" என்றாள் மதினி. பேச்சியம்மாள் கை நீட்டி வாங்கவில்லை. கீழே வைக்கச் சொன்னார். பிறகு வேலைக்காரனைக் கூப்பிட்டு, கம்பால் தள்ளிக்கொண்டுபோய்க் குப்பைக் கிடங்கில் போடவைத்தார். அம்மா அங்கேயே விளக்குமாற்றால் மகளை அடித்தாள். மறுநாள் விடியும் முன் மதினி போய்ச் சாணியைக் கிளறித் தட்டை எடுத்துவந்தாள். விளிம்பில் ஒரு நெல் அளவுக்கு உடைந்திருந்தது.

"நான் தொட்டதுனால அந்தப் பறவைக்கு என்ன கெட்டுப்போச்சு, சொல்லு" என்று கேட்டுவிட்டு மதினி அழுதாள். ஐம்பது வயசுப் பொம்பளை, ஒன்பது வயசுப் பிள்ளை மாதிரி அழுதாள். எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

வினை காலண்டர் உருவத்தில் வந்தது. எங்கள் தெருப் பாலகுரு சிவகாசியில் ஓர் அச்சாபீசில் டிசைனர். மதினியிடம் கேட்டுத் தட்டுகளைப் படம் எடுத்துப்போய் மாதக் காலண்டர் போட்டான். அக்டோபர் மாதத்துக்கு நீல வால் பறவை. காலண்டர் போகாத வீடு எங்கள் பக்கத்தில் ஏது? முதலாளி வீட்டுக்கும் போனது. அக்டோபர் பிறந்ததும் தாளைத் திருப்பிய அவருடைய மனைவி யோகேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாராம். அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அதே தட்டுகள் பதினொன்று இருந்தன.

மறு வாரம் தெருமுனையில் கார் நின்றது. யோகேஸ்வரி வாசலோடு நின்றார். மதினி தண்ணீர் கொண்டுவந்தாள். "இப்பத்தான் குடிச்சேன்" என்றார். கெட்ட பொம்பளை இல்லை. நயமாகத்தான் பேசினார்.

"புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போறோம். பன்னெண்டு தட்டையும் வரிசையா வைக்கணும்னு ஆசை. இது எங்க வீட்டுத் தட்டு. அந்தக் காலத்துல கூலிக்கு வந்தவுக களவாண்டுட்டுப் போயிட்டாகன்னு அத்தை சொல்லுவாக. உன்னைக் குத்தம் சொல்லல. உன் கைக்கு எப்படியோ வந்திருக்கு. கொடுத்துரு."

"களவா?" என்றாள் மதினி.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கல்யாணம் முடிந்து மாமனார் தட்டுகளை எண்ணியிருக்கிறார். கடல் கடந்து வந்த சாமானைக் குப்பையில் போட்டேன் என்று சொல்லப் பயந்து, பேச்சியம்மாள் கூலிக்காரி தலையில் பழியைப் போட்டிருக்கிறார். நாற்பத்து மூன்று வருஷமாக அந்த வீட்டில் மதினியும் அவள் அம்மாவும் திருடிகள்.

மதினி சத்தம் போடவில்லை. "உங்க அத்தையை வந்து சொல்லச் சொல்லுங்க. தட்டு எப்படிப் போச்சுன்னு நாலு பேர் முன்னால அவுக வாயால சொல்லட்டும். சொன்ன அடுத்த நிமிசம் நானே துடைச்சுக் கையில தாரேன்."

யோகேஸ்வரி போய்விட்டார். நயம் அவரோடு போய்விட்டது. நாலைந்து நாள் கழித்து ஃபோர்மேன் சோலைச்சாமி திரி ரூம் வாசலில் வந்து நின்றார். "ஆயுத பூசை அன்னைக்குத் தட்டைக் கொண்டாந்து ஒப்படைச்சிரு. இல்லைன்னா மறுநா வேலைக்கு வர வேண்டாம். களவுன்னு ஸ்டேசன்ல எழுதிக் கொடுக்கப்போறதா மொதலாளி சொல்றாரு."

நான் மதினியிடம் கெஞ்சினேன். "கொடுத்துத் தொலைச்சிரு மதினி. இன்னும் பதிமூணு இருக்குல்ல."

"அந்தப் பதிமூணும் இது ஒண்ணுக்காகச் சேத்ததுதான்டி" என்றாள். "கொடுத்தா, எங்கம்மா களவாணின்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி."

ஆயுத பூசை அன்று கம்பெனி ஆபீஸ் முன்னால் பந்தல். தராசு, ஆணி, சுத்தியல், கணக்கு நோட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். இருநூறு பேர் நின்றோம். முதலாளி, யோகேஸ்வரி, நடுவில் நாற்காலியில் பேச்சியம்மாள். வருஷத்துக்கு ஒருமுறை அவர் வந்து உட்காருவது வழக்கம். தலை முழுக்க நரைத்துவிட்டது. சூடம் காட்டி முடித்து, பொரியும் கடலையும் கொடுக்கத் தொடங்கும்போது மதினி வந்தாள். துண்டில் சுற்றிய தட்டு கையில் இருந்தது. நேரே நாற்காலிக்கு முன்னால் போய் நின்று துண்டை அவிழ்த்தாள்.

"மொதலாளியம்மா, இது உங்க வீட்டுத் தட்டா?"

முதலாளி முகத்தில் சந்தோஷம். "பாத்தீகளாம்மா, அதேதான்" என்றார்.

"அவுக சொல்லட்டும்" என்றாள் மதினி. "இது எப்படி உங்க வீட்டை விட்டுப் போச்சுன்னும் சேத்துச் சொல்லுங்க. கல்யாணத்தன்னிக்கு மள பெஞ்சுச்சு. ஞாபகம் இருக்கா?"

கிழவிக்கு ஞாபகம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த எல்லாருக்கும் அது தெரிந்தது. தட்டின் விளிம்பில் இருந்த உடைப்பையே பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, "இது நம்ம வீட்டுது இல்லப்பா. வேற ஏதோ" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பியது. தட்டும் மிச்சம், வேலையும் மிச்சம். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அம்மா சொன்ன பிறகு என்ன செய்வது? "சரி, அம்மாவே சொல்லிட்டாக. நீ எடுத்துட்டுப் போ. களவுப் பேச்சை விட்டுரலாம்" என்றார். இதற்குமேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்? மதினி கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

அவள் நகரவில்லை.

"இல்ல மொதலாளி. இது உங்க வீட்டுத் தட்டுதான்" என்றாள். குரல் கடைசி வரிசை வரை கேட்டது. "மளைல ஆடு மிதிச்சிரும்னு நான்தான் எடுத்தேன். ஒம்போது வயசு எனக்கு. நான் தொட்டுட்டேன்னு உங்கம்மா குப்பையில தள்ளச் சொன்னாக. கையால இல்ல, கம்பால. அதை மறைக்கத்தான் களவுன்னாக. இப்ப இதை மறைக்க, தட்டே எங்களுது இல்லைங்கிறாக. களவாணிப் பட்டமும் எனக்கு வேண்டாம், இந்தப் பொய்யில கிடைக்கிற தட்டும் எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டுத் தட்டை இரண்டு கையாலும் பேச்சியம்மாளிடம் நீட்டினாள்.

"உங்க பொருள். இந்தாங்க. அன்னைக்கு வாங்காததை இன்னைக்கு என் கையிலிருந்து வாங்கிக்கோங்க. கொண்டுபோய்ப் பன்னெண்டாவதா வைங்க. வாங்கிட்டீகன்னா என் சோலி முடிஞ்சது."

இருநூறு பேரும் ஒரு கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கை முந்தானைக்குள் போனது. வெளியே வரவில்லை. யோகேஸ்வரியின் கை கொஞ்சம் அசைந்தது. நான் பார்த்தேன். மாமியாரை ஒருதரம் பார்த்தார், கையை எடுத்து வளையலைச் சரிசெய்வதுபோல வைத்துக்கொண்டார். முதலாளி தரையைப் பார்த்தார். மதினி நீட்டியபடியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சூடம் அணைந்துவிட்டது.

கடைசியில் அவள் திரும்பினாள். பொரிக் கூடையை வைத்துக்கொண்டிருந்த சோலைச்சாமியிடம் தட்டை நீட்டினாள். அவர் பாவம், வேறு வழியில்லாமல் இரண்டு கை பொரியை அள்ளிப் போட்டார். பந்தலுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நீல வால் பறவைமேல் இருந்த பொரியை மதினி தின்ன ஆரம்பித்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்தேன். திரி ரூம் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். தட்டில் பறவை முழுசாகத் தெரியும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. போலீசும் வரவில்லை. சீசன் முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். நான் தொடர்ந்து அதே கம்பெனிக்குத்தான் போனேன். என் மகன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் நானும் அந்தக் கிழவி மாதிரி ஆகிவிடுவேன். மதினி வெம்பக்கோட்டைப் பக்கம் வேறு கம்பெனியில் சேர்ந்தாள். இரண்டு பஸ் மாறிப் போனாள். ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். கண்ணாடி அலமாரியில் பதினொன்று இருக்கிறது, பன்னிரண்டாவது இடத்தில் வேறு ஏதேதோ தட்டுகளை வைத்துப் பார்த்து எடுத்துவிட்டார்கள் என்று அங்கே வேலை செய்கிற பொம்பளை சொன்னாள்.

அந்த வாரமே மதினி ஒரு பட்டாசுப் பெட்டி அட்டையைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். அவள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். யார் வீட்டுத் தட்டு, யார் தொட்டது, யார் எறிந்தது, எல்லாம் பேரோடு. அட்டை இன்றைக்கும் தட்டுக்குக் கீழே தொங்குகிறது. கடைசி வரியை அவள் மறுநாள் யோசித்துவிட்டு வந்து சேர்க்கச் சொன்னாள். அது இதுதான்: இந்தத் தட்டு அந்த வீட்டாருடையது. எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். குருவம்மாள் கையிலிருந்து கையால் வாங்க வேண்டும்.