எட்டுச் செலவுக்கு நூடுல்ஸ்

பனியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அள்ளிக் கொட்டுவதுதான். பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் நான் குவித்துவைக்கும் மலையைப் பார்த்து, "அண்ணை, மலை முதல்ல சரியுமோ, உங்கட முதுகு முதல்ல சரியுமோ?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். நான் எப்போதும் முதுகின் பக்கம்.

அப்படிப்பட்ட நான் காலையில் பல் தீட்டும் முன்பே, நாட்டின் மறுகரை மலைகளுக்கான பனிச்சரிவு எச்சரிக்கையை வாசிக்கப் பழகினேன். வேலைக்காக மேற்குக் கடற்கரைக்குப் போன மகள், அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெடியனோடு சேர்ந்து, ஆள் நடமாட்டமில்லாத மலைகளில் பனிச்சறுக்கப் போகத் தொடங்கியிருந்தாள். ஆபத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை நம்பர் உண்டு. ஐயர் ராகுகாலம் சொல்வதுபோல நான் போன் எடுத்துச் சொல்வேன்.

"இண்டைக்கு நாலு. வீட்டில கிடவுங்கோ."

"அப்பா, நாங்களும் அதை வாசிக்கிறனாங்கள்!" என்று மகள் சினப்பாள். பெடியன் போனை வாங்கி, தெரிந்த ஒரே தமிழில், "ஓம் அங்கிள், ஓம் அங்கிள்" என்பான்.

அன்றைக்கு நம்பர் இரண்டுக்கு இறங்கியிருந்தது. வெயிலும் எறித்தது. "போயிட்டு வாங்கோ" என்றேன். இரண்டு என்றால் ஆபத்தே இல்லையென்று அர்த்தமில்லை. காற்று ஒரு சரிவில் கொண்டுபோய்க் குவித்த பனி, அவன் இறங்கும்போது பலகைபோல உடைந்து அவனை மூடியது. மகள் மேலே நின்றாள். அவன் உடம்பில் கட்டியிருந்த, புதைந்த இடத்தைக் காட்டும் கருவியின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போய் அவள்தான் தோண்டி எடுத்தாள். பிந்திவிட்டது.

அவனுடைய தாய் தகப்பன் அங்கேயே எரித்தார்கள். நான் போய் மகளைக் கூட்டி வந்தேன். அவள் மேல் அறையை விட்டு இறங்கவில்லை. வாசலில் வைத்த சாப்பாடு வைத்தபடி இருந்தது.

எட்டாம் நாள் செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அதைச் செய்யாமல் விட மனைவி சம்மதிக்கவில்லை.

"தாலி கட்டாட்டி என்ன? எங்கட பிள்ளையோட இருந்தவன். எட்டுச் செலவு செய்யத்தான் வேணும்."

அவனுக்கு என்ன விருப்பமென்று கதவுக்கு வெளியே நின்று கேட்டோம். கதவு திறக்கவில்லை. மனைவி ஆட்டிறைச்சி காய்ச்சினாள். நான் புவாண்ட்-கிளேர் வரை கார் ஓடிப் பெரிய பீட்சா வாங்கி வந்தேன். வெள்ளைக்காரன் என்றால் பீட்சா. நாற்பது வருஷம் இந்த நாட்டில் இருந்து நான் கண்டுபிடித்தது அவ்வளவுதான்.

வாழையிலையில் வைத்து விளக்கேற்றும்போது படியில் காலடி கேட்டது. மகள் இலையைப் பார்த்தாள்.

"அப்பா, அவனுக்குச் சீஸ் ஒத்துக்கொள்ளாது."

"அப்ப என்ன பிள்ளை சாப்பிடுவான்?"

"மலைக்குப் போனா கப் நூடுல்ஸ். அதுக்குள்ள அம்மா அனுப்பிற மிளகாய்த்தூளைப் போட்டு, மூக்கால தண்ணி ஓட ஓடச் சாப்பிடுவான்."

சப்பாத்தைக் கால் மாறிப் போட்டுக்கொண்டு மூலைக் கடைக்கு ஓடினேன். மனைவி சுடுதண்ணீர் ஊற்றி, தூளை அள்ளிப் போட்டாள். பீட்சாவை எடுத்துவிட்டுக் கப்பை இலையில் வைத்தோம். கும்பிட்டு முடிந்ததும் மகள் அதை எடுத்து, நிலத்தில் குந்தியிருந்து சாப்பிட்டாள். அவளுக்கும் மூக்கு ஓடியது. நாங்கள் அவளைப் பார்க்காததுபோல இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கப் வெறுமையான பிறகு கேட்டாள்.

"இண்டைக்கு அங்க என்ன நம்பர்?"

நான் இன்னும் வாசிக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

"நாலு. வீட்டில கிட பிள்ளை."

"ஓம் அங்கிள்" என்றாள், அவனுடைய குரலில்.